கடற்கரைப் பிள்ளையைத் தை மாதக் குளிரில் மலைக்குக் கூட்டிப் போகலாமா?

கேள்வி (கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர், 2024 நவம்பர் 23)

மகளுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. மலையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். தை மாதம் கொடைக்கானல் போய், ஒரு நாளாவது காட்டுப்பாதையில் அவளை நடக்க வைக்க வேண்டும் என்று ஆசை. உம்மா ஒரே பிடியாக நிற்கிறார்: "உப்புக்காத்துல வளந்த புள்ள, பனி தாங்காது, நெஞ்சுல சளி கட்டிரும்." கோடையில் போனால் ஆகாதா என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். கடற்கரைப் பிள்ளைகளுக்குக் குளிர்காலத்து மலை ஒத்துவராது என்பது உண்மையா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

2024 நவம்பர் 24

உண்மை இல்லை தம்பி. தாராளமாகக் கூட்டிப் போகலாம். எனக்கு மண்டபம். போன தை மாதம் என் மகனைக் கூட்டிப் போனேன், அவனுக்கு அப்போது ஐந்து வயது. கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல் பக்கம் நடந்தோம். சளியும் பிடிக்கவில்லை, காய்ச்சலும் வரவில்லை. ஆனால் ஏரியில் படகு விட்டுவிட்டு அறைக்குத் திரும்புவது வேறு, பிள்ளையைப் பாதையில் நடக்க வைப்பது வேறு. இரண்டாவதற்கு முன்னேற்பாடு வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், அதாவது ஏறக்குறைய 7,000 அடி. நம்ம ஊரை விட 13, 14 டிகிரி குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு மார்கழி இரவிலும் 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம், பக்கத்தில் கடல் கிடக்கிறது. அங்கே தை மாத விடியலில் பத்துக்குக் கீழே சாதாரணமாகப் போகும். பகலில் வெயில் அடித்தால் இதமாக இருக்கும். இந்தப் பகல் குளிர் எந்தப் பிள்ளையையும் ஒன்றும் செய்யாது.

செய்வது மூன்று: ஈரம், காற்று, அசையாமல் இருப்பது. இந்த மூன்றையும் விலக்கிவிட்டால் உங்கள் மகள் உங்களை விடச் சந்தோஷமாக நடப்பாள்.

மூச்சு வாங்குமா, உயரம் ஒத்துக்கொள்ளுமா என்ற பயம் வேண்டாம். உயரத்தால் வரும் தலைவலி, வாந்தி எல்லாம் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தொடங்கும்.

அதே நாள், இரவு

உம்மா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். சளி கிருமியால் வருகிறது, பனியால் அல்ல, அது சரிதான். ஆனால் பெரியவர்கள் காதையும் நெஞ்சையும் மூடச் சொல்வதில் நூறு சதம் நியாயம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், அதனால் உடம்புச்சூடு நம்மை விட வேகமாக வெளியேறும். தலை வேறு பெரிது. மங்கி குல்லாவை உம்மா கையாலேயே மாட்டிவிடச் சொல்லுங்கள், அவருக்கும் நிம்மதி.

ஒன்றை மட்டும் கறாராகக் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு இளைப்பு, வீசிங் எப்போதாவது இருந்ததா? இருந்தால் குளிர்ந்த வறண்ட காற்று அதைக் கிளப்பிவிடும். மருத்துவரைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம், இன்ஹேலர் கொடுத்திருந்தால் அது உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும், வண்டியில் அல்ல. கிளம்புகிற வாரம் காய்ச்சல் வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

2024 நவம்பர் 26

"ஈரம், காற்று என்று பெரிதாகச் சொல்கிறீர்களே, எங்கே படித்தீர்கள்?" என்று தங்கச்சிமடத்து நண்பர் கேட்டிருக்கிறார். படித்ததை விடப் பார்த்ததுதான் அதிகம். நான் ஐஸ் கம்பெனியில் இயந்திரம் பார்க்கிறவன். உப்புத்தண்ணீர்த் தொட்டி பூஜ்யத்துக்குக் கீழே எட்டு பத்து டிகிரியில் நிற்கும். அதற்குள் தகர டின்கள், டின்னுக்குள் நல்ல தண்ணீர் உறைந்து ஐஸ் கட்டியாகும், அதைத்தான் பார் என்போம். அந்தத் தொட்டி மேலே வெறுங்காலோடு நின்று பாரைத் தூக்குகிறவர்கள் யாரும் நடுங்கிப் பார்த்ததில்லை. வேலை செய்துகொண்டே இருப்பார்கள், கை காய்ந்திருக்கும் வரை ஒன்றும் இல்லை.

நடுங்குவது வெளியே. விடியற்காலையில் ஐஸை உடைத்துப் படகுக்கு ஏற்றுகிறவர்கள் இடுப்பு வரை நனைந்திருப்பார்கள். வேலை முடிந்து வண்டிக்காக நிற்கும்போது வாடைக்காற்று அடிக்கும். வெப்பமானி 24 டிகிரி காட்டும், ஆள் பல் கிட்டிப் போய் நிற்பார். காற்றை விடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் சூட்டை இழுத்துவிடும். நனைந்த சட்டையில் சும்மா நிற்கிறவர்தான் முதலில் டீக்கடை அடுப்படிக்கு ஓடுவார். 24 டிகிரியில் பெரிய ஆளுக்கே இந்தக் கதி என்றால், பத்து டிகிரியில் நனைந்த நாலு வயதுப் பிள்ளையை யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் சொல்கிறேன், தடிமனான ஸ்வெட்டர் தேடி அலைவதற்கு முன்னால் மாற்றுத்துணி எடுத்து வையுங்கள்.

2024 டிசம்பர் 1

துணி விஷயம். நிறையப் பேர் கேட்டதால் கொஞ்சம் நீளமாகவே.

உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். பருத்தி வியர்வையை உறிஞ்சிவைத்துக்கொண்டு காயவே காயாது. விளையாட்டுக்குப் போடும் பாலியஸ்டர் டீ-ஷர்ட், முழுக்கை, உடம்பை ஒட்டினாற்போல இருந்தால் போதும், மலிவாகவே கிடைக்கும். அதன் மேல் கம்பளி ஸ்வெட்டர், அல்லது பஞ்சு போல இருக்கும் பிளீஸ். எல்லாவற்றுக்கும் மேலே காற்று நுழையாத ஒரு ஜெர்கின். மழைக்கோட்டும் ஜெர்கினும் ஒன்றாகவே இருந்தால் சுமை குறையும்.

ராமநாதபுரத்தில் குழந்தை அளவு ஸ்வெட்டர் கிடைப்பது கஷ்டம். யார் இங்கே வாங்கப் போகிறார்கள்! மதுரையில் கிடைக்கும், கொடைக்கானலிலும் கடைகடையாகத் தொங்கும். ஆனால் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால், மலைப்பாதையில் வாந்தி எடுத்த சட்டையோடு குளிரில் இறங்க வேண்டி வரும். ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

கால்சட்டை விஷயத்தில் ஜீன்ஸ் கூடவே கூடாது. நனைந்தால் கல் மாதிரி கனக்கும். சாக்ஸ் இரண்டு ஜோடி கூடுதல், கால்சட்டை ஒன்று கூடுதல், எல்லாம் பிளாஸ்டிக் உறையில் கட்டி, உங்கள் தோள்பையில் மேலாக. அடியில் வைத்தால் அவசரத்தில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியிருக்கும், அந்த நேரம் பிள்ளை காற்றில் நிற்கும்.

2024 டிசம்பர் 3

நம்ம பிள்ளைகள் மணலில் செருப்புகூட இல்லாமல் ஓடுகிறவர்கள். புது ஷூவை மலையில்தான் முதலில் மாட்டுவது என்று வைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் குதிகாலில் கொப்புளம். இன்றே வாங்கி, கடைக்குப் போகும்போதெல்லாம் போட்டுவிடுங்கள். ஒரு விரல் அகலம் பெரிதாக இருக்கட்டும், இறுகிய ஷூவுக்குள் கால் விறைக்கும்.

2024 டிசம்பர் 8

பழக்கப்படுத்த எங்கே போவது என்று தேவிபட்டினத்து அக்கா கேட்டிருக்கிறார். நம்ம மாவட்டத்தில் மேடு என்றால் ராமேஸ்வரம் தீவில் கெந்தமாதன பர்வதம், ராமர் பாதம் கோயில் இருக்கிற மணல்மேடு. பர்வதம் என்று பெயர்தான், ஏறி முடிக்க மூச்சு வாங்காது. இருந்தாலும் மகனுக்கு அதுதான் முதல் மலை. மேலே நின்று நாலு பக்கமும் கடலைப் பார்த்துவிட்டு "அப்பா, இதுக்கு மேல மலை இருக்கா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகவே அவனைப் பெரிய மலைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அதற்கு அடுத்தபடி மதுரைக்குப் பக்கத்தில் அழகர்மலை. கோயிலிலிருந்து பழமுதிர்சோலை, அதற்கு மேலே நூபுர கங்கை வரை சாலையோரமாகவே நடக்கலாம். முடியாவிட்டால் வண்டியில் ஏறிக்கொள்ளலாம். பிள்ளை எவ்வளவு நேரம் அலுக்காமல் நடக்கிறது, எப்போது சிணுங்க ஆரம்பிக்கிறது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். குளிர் இல்லாத மலையில் இதைத் தெரிந்துகொள்வது முக்கியம். குளிரும் புதிது, ஏற்றமும் புதிது என்று இரண்டையும் ஒரே நாளில் தலையில் வைக்க வேண்டாம்.

சிங்கம்புணரி பக்கம் பிரான்மலை இருக்கிறது, பாரியின் பறம்பு மலை. அடிவாரத்தில் சிவன் கோயில், உச்சியில் தர்கா. உங்கள் ஊரிலிருந்தும் ஆட்கள் போவார்கள். நல்ல மலைதான், ஆனால் உச்சி வரை ஏறுவது நாலு வயதுக்கு அதிகம். பாதி வரை போய்த் திரும்புங்கள்.

2024 டிசம்பர் 9

நேற்று எழுதும்போது விட்டுப்போனது: அழகர்மலையில் குரங்கு. பிள்ளை கையில் பிஸ்கட் பாக்கெட் கொடுக்காதீர்கள். பறிக்கும்போது நகம் பட்டால் வெறிநாய்க்கடிக்குப் போடுகிற ஊசியே போட வேண்டியிருக்கும். சாப்பிடுவதை வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

2024 டிசம்பர் 15

"மார்கழி லீவில் போகலாமே, ஏன் தை வரை காத்திருக்க வேண்டும்?"

போன மாதம் நம்ம தீவில் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் ஒரே பகலில் 40 சென்டிமீட்டருக்கு மேல். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் முழுக்க இழுக்கும், கொடைமலையும் அதே மழையைத்தான் வாங்குகிறது. பாதை வழுக்கும், மண் சரியும், சோலைக்காட்டில் அட்டை ஏறும். பெரியவர்கள் சமாளிக்கலாம். முதல்முறை வருகிற பிள்ளைக்கு மலை என்றாலே நசநச ஈரம் என்று மனதில் பதிந்துவிடும்.

பொங்கல் முடிந்து, கூட்டம் வடிந்த பிறகு போங்கள். வானம் தெளிந்திருக்கும். அதில் ஒரு சங்கதி இருக்கிறது. மேகம் இல்லாத இரவில்தான் நிலத்தின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். கொடைக்கானலில் ஏரி ஓரமும் புல்வெளிப் பள்ளமும் விடியலில் உறைபனி பூத்துக் கிடப்பது அதனால்தான். செய்தித்தாளில் வருகிற படமெல்லாம் அங்கே எடுத்ததுதான். பார்க்க ஆசையாக இருந்தால் பிள்ளையைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு அறைக்கு வந்துவிடுங்கள். நடப்பது ஒன்பது மணிக்குப் பிறகு, வெயில் பாதையில் விழுந்த பிறகு. மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறும், அதனால் ஒரு மணிக்குள் திரும்பிவிடுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்கிறது என்பதற்காக வெயிலை மறந்துவிடாதீர்கள். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதம் புற ஊதாக்கதிர் கூடும். குளிர்காற்றில் சுடுவது தெரியாது, சாயங்காலம் கன்னம் சிவந்து எரியும். தொப்பி வேண்டும்.

2024 டிசம்பர் 22

இத்தனை நாளும் துணி, மழை, வெயில் என்று சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருந்தேன். முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதுதான்.

கடற்கரைப் பிள்ளைக்கு "குளிருது" என்று சொல்லத் தெரியாது. மழையில் நனைந்தால், ஐஸ் குச்சி சாப்பிட்டால் சொல்லும். ஆனால் உடம்புக்குள்ளே மெல்ல இறங்கும் குளிரை அது வாழ்நாளில் அனுபவித்ததில்லை, அதனால் என்னவென்று சொல்லவும் தெரியாது. அழாது, முறையிடாது. பேச்சைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

வட்டக்கானல் பாதையில் மகன் இறங்கும்போது வாய் ஓயவில்லை. பள்ளத்தாக்கில் மூடுபனி எழும்பியதைப் பார்த்து "யாரோ கருவாடு சுடுறாங்க" என்றான். மேகத்துக்குள் உப்பு இருக்குமா என்று கேட்டான். திரும்பி ஏறும்போது கால் வலிக்கிறது என்றதால் முதுகில் தூக்கிக்கொண்டேன், குழந்தையைச் சுமக்கிற பை அது, உறவினரிடம் இரவல் வாங்கியது. எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது, ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். அவன் மேலே அமைதியாக இருந்தான். தூங்குகிறான் போல என்று நினைக்கத்தான் தோன்றும். பின்னால் வந்த மனைவி அவன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு "இறக்குங்க" என்றாள்.

சாக்ஸைக் கழற்றினால் பாதம் வெளுத்து, மீன் பெட்டியிலிருந்து எடுத்தது போலச் சில்லென்று இருந்தது. சுமக்கிறவருக்கு உடம்பு சூடாகிறது, சுமக்கப்படுகிறவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். பையின் பட்டை தொடையை அழுத்துவதால் தொங்குகிற காலுக்கு ரத்தம் சரியாகப் போகாது. நல்லவேளை, நெஞ்சும் பிடரியும் சூடாகவே இருந்தன. பாறை மறைவில் உட்கார்ந்து, அவன் பாதம் இரண்டையும் மனைவி தன் வயிற்றோடு வைத்துப் புடவையால் மூடிக்கொண்டாள். காய்ந்த சாக்ஸ், பிளாஸ்கில் இருந்த சுக்குக் காப்பி. கொஞ்ச நேரத்தில் பேச்சு திரும்ப வந்தது. அப்புறம் அவனை நடத்தியே கூட்டி வந்தோம், மெதுவாக, பாட்டுப் பாடிக்கொண்டு.

அதனால் பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்: கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பிடரிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். கை குளிர்ந்திருப்பது சாதாரணம். பிடரியோ நெஞ்சோ குளிர்ந்திருந்தால் அது சரியில்லை. பிடரி ஈரமாக இருந்தால் வியர்க்கிறது, ஒரு துணியைக் கழற்றுங்கள்.

2024 டிசம்பர் 23

"பிள்ளைக்கு நடுக்கம் வந்தால் தெரியாதா?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நாலைந்து வயதில் நடுக்கம் வரும், தெரியும். கைக்குழந்தைகளுக்குச் சரியாக நடுங்கவே வராது, அதனால்தான் கைக்குழந்தையோடு இப்படி நடக்கப் போகாதீர்கள் என்கிறேன். நடுங்குகிற பிள்ளையை விட, நடுங்கிக்கொண்டிருந்து நின்றுபோன பிள்ளை ஆபத்தில் இருக்கிறது. தடுமாறி நடப்பது, சொன்னது புரியாமல் முழிப்பது, தூக்கம் தூக்கமாக வருவது, எதுவாக இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். காற்று மறைவு, ஈரத்துணியைக் கழற்றுவது, காய்ந்த துணி, உங்கள் உடம்போடு அணைத்துப் போர்வை. விழித்திருந்தால் இனிப்பாக வெதுவெதுப்பாக ஏதாவது. கைகாலைப் பரபரவென்று தேய்க்காதீர்கள். பிராந்தி தடவுவது என்ற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அப்புறம் நேராக மருத்துவமனை.

2025 ஜனவரி 2

புத்தாண்டு வாழ்த்துகள். பாதை எது என்று கேட்டவர்களுக்கு.

முதல் நாள் எங்கும் நடக்காதீர்கள். மலைப்பாதை வளைவுகளில் பிள்ளைக்குக் குமட்டும், காது அடைக்கும். வத்தலக்குண்டில் வயிறு முட்டச் சாப்பாடு கொடுக்காமல், இரண்டு இட்லியோடு நிறுத்தி, புளிப்பு மிட்டாய் ஒன்று வாயில் போட்டுவிடுங்கள். சப்பி விழுங்க விழுங்கக் காதும் திறக்கும். சாயங்காலம் கோக்கர்ஸ் வாக் போய் உலாத்துங்கள். 1872-ல் போட்ட பாதை, ஒரு கிலோமீட்டர் அளவு, தடுப்புக் கம்பி உண்டு. பிள்ளைக்குக் குளிர் அறிமுகமாகும்.

மறுநாள் வட்டக்கானல். டால்பின் நோஸ் பாதை அழகானது, ஆனால் இரண்டு சங்கதி. ஒன்று, போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். உற்சாகம் இருக்கும்போது இறங்கிவிடும், கால் ஓய்ந்தபோது ஏற வேண்டும். பிள்ளைகளுக்கு இது தலைகீழ்க் கணக்கு. மரவேரும் கல்லும் கலந்த பாதை வேறு. இரண்டு, முனையில் இருக்கிற பாறைக்கு அந்தப் பக்கம் அதலபாதாளம். பிள்ளையின் கையை ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், போட்டோ எடுப்பது அடுத்தவர் வேலை. கால்வாசி தூரம் இறங்கி, மரத்தடியில் உட்கார்ந்து தின்றுவிட்டுத் திரும்பினாலும் உங்கள் மகளுக்கு அது முழு மலைதான்.

அதற்கும் கீழே வெள்ளகவி வரை போகலாம் என்று உள்ளூர் இளைஞர்கள் ஆசை காட்டுவார்கள். வெகுகாலம் சாலையே இல்லாமல் இருந்த ஊர், செங்குத்தான இறக்கம். பிள்ளை பெரிதானதும் போங்கள்.

வனத்துறை அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகள், இணையத்தில் பதிவு, வழிகாட்டி கூட வருவார். பத்து வயதுக்குக் கீழே என்றால் எளிதான பாதைகள் மட்டும், பெற்றோரும் கூட இருக்க வேண்டும். காட்டுக்குள் அனுமதி இல்லாமல் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை நம்மால் மறக்க முடியாது. புல் காய்ந்துவிட்ட காலம், தீ மேட்டில் ஏறி ஓடுகிறவரை விட வேகமாக ஏறும். பிப்ரவரி பாதிக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்கும் அதுதான் காரணம்.

காட்டுமாடு ஊருக்குள்ளேயே நிற்கும். பிள்ளை "மாடு!" என்று கிட்டே ஓடப் பார்க்கும். தூர நின்று காட்டுங்கள், அது நகர்ந்த பிறகு போங்கள்.

2025 ஜனவரி 5

சாப்பாடு. நம்ம ஊரில் இல்லாததா! கருப்பட்டி, கடலைமிட்டாய், பேரீச்சை, அவித்த முட்டை. தை பிறந்தால் பனங்கிழங்கு வரும், அவித்து நார் உரித்துத் துண்டு போட்டுக் கொண்டுபோனால் பிள்ளை கடித்துக்கொண்டே நடக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும், உடம்பு சூடாக இருக்க அதுதான் விறகு. குளிரில் தாகம் தெரியாது, பிள்ளை தண்ணீர் கேட்காது. வெந்நீரை ஆற்றி நீங்களாகவே குடிக்க வையுங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொடைக்கானலில் தடை, ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போங்கள்.

அடிக்கடி சிறுநீர் வரும். மூன்று அடுக்குத் துணி, கழற்றுவதற்குள் நனைந்துவிடும். ஈரம் என்று நான் கத்திக்கொண்டிருப்பதில் பாதி இந்த ஈரம்தான். எலாஸ்டிக் இடுப்பு உள்ள கால்சட்டை போடுங்கள், பிள்ளை கேட்கும் முன்பே மறைவிடம் பார்த்து நிறுத்துங்கள். கூச்சப்பட்டு அடக்கிக்கொள்கிற பிள்ளையாக இருந்தால் "இங்க யாரும் இல்லை, நான் காவல்" என்று சொல்லிவிட வேண்டும்.

2025 ஜனவரி 6

அறைக்குள் கரி அடுப்பு வைத்துக்கொள்ளாதீர்கள். ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளை முடித்துவிடும். கொடைக்கானலிலேயே உயிர் போயிருக்கிறது. நாங்கள் தங்கிய இடத்தில் வெந்நீர் வரும் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள், வரவில்லை. குளிர் போக்கக் கரி அடுப்பு தரட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றோம். பிள்ளையை நடுவில் போட்டு இரண்டு பக்கமும் படுத்தால் அதை மிஞ்சிய சூடு வேறு இல்லை.

2025 ஜனவரி 12

டிசம்பர் 1 குறிப்பில் மூன்று அடுக்கு என்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றும் உட்கார்ந்திருக்கும்போதுதான். ஏறும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள், நின்றவுடன் மாட்டுங்கள். கிளம்பும்போது பிள்ளைக்குக் கொஞ்சம் குளிர்வதுதான் சரி. சூடாகக் கிளம்பினால் பத்தே நிமிடத்தில் உள்சட்டை நனையும்.

பிடரியைத் தொட்டுப் பார்ப்பது பற்றியும் யோசித்தேன். சில பிள்ளைகள் தொடவே விடாது. அதற்குப் பதில், பேச்சைக் கவனியுங்கள். கிளம்பும்போது ஒரு கதை ஆரம்பித்து, நடுநடுவே அவளைச் சொல்லச் சொல்லுங்கள். பதில் சுருங்க ஆரம்பித்தால் நிறுத்திப் பாருங்கள். பசியாகவும் இருக்கலாம், தூக்கமாகவும் இருக்கலாம், குளிராகவும் இருக்கலாம். எதுவானாலும் நிறுத்த வேண்டிய நேரம்தான்.

திரும்புவது பற்றி வீட்டிலேயே கணவனும் மனைவியும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இருவரில் ஒருவர் "போதும்" என்றால் வாக்குவாதம் இல்லாமல் திரும்புவது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற நினைப்புதான் மலையில் பிள்ளைகளைப் படுத்துகிறது. இவ்வளவு தூரம் வந்தது நாம்தான், பிள்ளைக்கு எந்தக் கணக்கும் இல்லை. அதற்கு ஒரு கூழாங்கல்லும் ஒரு மரவேரும் போதும்.

2025 ஜனவரி 21

கீழக்கரைத் தம்பி எழுதியிருக்கிறார், இந்த வாரக் கடைசியில் கிளம்புகிறார்களாம். உம்மாவும் கூட வருகிறாராம்! மிகவும் சந்தோஷம். உம்மா அறையிலேயே இருப்பார் என்று எண்ணாதீர்கள். கோக்கர்ஸ் வாக் வரை அவரையும் நடத்திக் கூட்டிப் போங்கள். வயதானவர்களுக்கும் குளிர் அதே வேகத்தில் இறங்கும், அவர்களும் சொல்ல மாட்டார்கள். அவருக்கும் மாற்று சாக்ஸ் எடுத்து வையுங்கள்.

ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு: மதுரை வரை ரயிலில் வந்து அங்கே வண்டி பிடித்தால் பிள்ளைக்கு அலுப்பு குறையும், பாதி வழி தூங்கிவிடும்.

இன்னொன்று, கொடைக்கானலுக்கு போன மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம். வண்டி எண்ணைப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். கடைசி நேரத்தில் வேறு வண்டி அமர்த்தினால் புதிதாக எடுத்துவிடுங்கள். சோதனைச் சாவடியில் போனில் சிக்னல் தேடிக்கொண்டு நிற்கிற நேரத்துக்குப் பிள்ளை வண்டியை விட்டு இறங்கிக் காற்றில் நிற்கும், முன்னமே ஒரு தாளில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.